பாம் ஷெல்ட்டருக்கு மர அடுக்கு: பைன் சட்டமா, முழு பிளைவுட்டா, பேலட் பலகையா?

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் ஸ்டோர் ரூமிலோ, பாம் ஷெல்ட்டர் எனப்படும் இரும்புக் கதவுள்ள புகலிட அறையிலோ வைக்க ஓர் அடுக்கு வேண்டும். கையில் இருப்பவை கைரம்பம், அளவு நாடா, மூலைமட்டம், பேட்டரி டிரில், இரண்டு கிளாம்ப். இவற்றை வைத்துக்கொண்டு எதைக் கட்டுவது? பலரும் எந்த மரம் நல்ல மரம் என்ற கேள்வியில் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பே கேட்க வேண்டியது, பளு எதன் மேல் உட்காரப்போகிறது என்பது. தட்டிலிருந்து தரைவரை கட்டையின் மேல் கட்டையாகப் பளு இறங்கினால் மலிவான பைன்கூடப் பல ஆண்டு நிற்கும். நடுவில் எங்காவது ஒரு ஸ்க்ரூவில் தொங்கினால், விலை உயர்ந்த மரமும் ஒரு நாள் கீழே இறங்கிவிடும்.

முதலில் பளுவைக் கணக்கிடுங்கள். 10 கிலோ அரிசிப் பை இரண்டு, 600 மிலி தண்ணீர்ப் போத்தல் 24 கொண்ட பெட்டி ஒன்று, மேசை வெட் கிரைண்டர் ஒன்று, பக்கத்தில் எண்ணெய் டின், பருப்பு டப்பாக்கள். ஒரே தட்டில் 60 கிலோ வந்துவிடும். தீபாவளிக்கு மட்டும் வெளியே வரும் பெரிய வாணலியும் அண்டாவும் மேல்தட்டுக்குப் போகும். பார்வைக்குப் பெரியவை என்றாலும் அவ்வளவு பளு இல்லை. ஆகவே ஒரு தட்டுக்கு 60 கிலோ என்று வைத்துக்கொண்டு மூன்று வழிகளையும் ஒப்பிடலாம்.

தட்டு தொய்வதற்குப் பின்னால் எளிய கணக்கு இருக்கிறது. பளு மாறாமல் இருக்கும்போது, தாங்கல்களுக்கு இடையிலான நீளம் இரட்டித்தால் தொய்வு 8 மடங்காகும். பலகையின் கனம் இரட்டித்தால் தொய்வு 8-இல் ஒரு பங்காகக் குறையும். 900 மிமீ நீளத்துக்கு 18 மிமீ பிளைவுட் எவ்வளவு தொய்யுமோ, 600 மிமீ நீளத்துக்கு 12 மிமீ பிளைவுட்டும் அவ்வளவே தொய்யும். இரு முனைகளில் மட்டும் தாங்கிய 900 மிமீ நீளம், 400 மிமீ அகலத் தட்டில் 60 கிலோவைப் பரப்பி வைத்தால், 18 மிமீ பிளைவுட் நடுவில் 4 மிமீக்குச் சற்று மேல் இறங்கும். 12 மிமீ என்றால் 15 மிமீ. இது முதல் நாள் அளவு. பளுவை எடுக்காமலே வைத்திருந்தால் மரம் மெல்ல மெல்ல மேலும் வளையும், நம் ஊர் ஈரப்பதத்தில் இன்னும் கூடுதலாக. சில ஆண்டுகளில் தொய்வு முதல் நாளைப்போல் இரு மடங்கானாலும் வியப்பில்லை.

அதே 12 மிமீ தட்டுக்கு அடியில் முன்னும் பின்னும் 19 × 64 மிமீ பைன் சட்டம் ஒவ்வொன்றை நெட்டுக்குத்தாக ஓடவிட்டால் சட்டங்களின் தொய்வு 1 மிமீக்குள் அடங்கிவிடும். நெட்டுக்குத்தாக என்பதுதான் இங்கே முக்கியம். அதே சட்டத்தைப் படுக்கவைத்தால் விறைப்பு 11 மடங்கு குறைந்துவிடும். செலவு ஒன்றுதான், வைக்கும் விதம்தான் வேறு.

முழு பிளைவுட் பெட்டி

பார்க்க அழகானது இதுதான். பக்கங்கள் மூடியிருப்பதால் பொருள் சரிந்து விழாது, பின்னாளில் கதவு போடவும் தோது. ஆனால் கைரம்பத்தோடு வேலை செய்பவருக்கு மூன்று தொல்லைகள் உண்டு.

முதலாவது எடை. பிளைவுட் 1220 × 2440 மிமீ தாளாக வரும். 18 மிமீ தாள் ஒன்று 30 கிலோ அளவில் இருக்கும். 1800 மிமீ உயரம், 900 அகலம், 450 ஆழம் என்ற பெட்டிக்கு ஒரு தாள் போதாது. இரண்டு பக்கப் பலகைகளை எடுத்த பிறகு மிஞ்சும் துண்டுகளில் எல்லாத் தட்டுகளும் தேறாது. இரண்டு தாள் என்றால் 60 கிலோ, அதோடு பின்புறத்துக்கு 6 மிமீ பலகை. இரண்டாவது வெட்டு. 1800 மிமீ நீளத்தைக் கைரம்பத்தால் நேராக அறுப்பது எளிதல்ல, அதனால் கடையின் இயந்திரத்திலேயே வெட்டி வாங்க வேண்டும். முழுத் தாள் பல மின்தூக்கிகளில் நுழையாது என்பதாலும் இதுவே சரியான வழி. மூன்றாவதுதான் பெரியது: பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ நன்றாகப் பிடிக்காது. அடுக்குகளுக்கு நடுவே நுழைந்து அவற்றைப் பிரித்துவிடும். பக்கப் பலகைக்கு வெளியிலிருந்து தட்டின் விளிம்புக்குள் ஸ்க்ரூ இறக்கி, அதை மட்டும் நம்பி அரிசி மூட்டையை வைப்பவர்கள் சில மாதங்களில் விளிம்பு பிளந்து நிற்பதைப் பார்ப்பார்கள். பெட்டிதான் வேண்டும் என்றால் ஒவ்வொரு தட்டின் கீழும் பக்கப் பலகையில் 19 × 38 மிமீ தாங்குகட்டையைப் பசை தடவி ஸ்க்ரூ போட்டு ஒட்டுங்கள். தட்டு அதன் மேல் உட்காரட்டும். முன்விளிம்பில் 19 × 44 மிமீ சட்டத்தை நெட்டுக்குத்தாக ஒட்டினால் தொய்வும் குறையும். பின்பலகையைத் தவிர்க்காதீர்கள். பெட்டி பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து நிறுத்துவது அதுதான்.

பேலட் பலகை

பேலட் என்பது சரக்குக்கு அடியில் வைக்கும் மரத்தட்டு. இலவசமாகக் கிடைக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒளிவுமறைவில்லாமல் சொல்ல வேண்டும்: உணவுப் பொருள் வைக்கும் அடுக்குக்கு இது வேண்டாம். அனைத்துலக அளவில் போய்வரும் பேலட்டுகளில் ஐஎஸ்பிஎம் 15 என்ற பூச்சித்தடுப்பு விதிப்படி கோதுமைக்கதிர் முத்திரை இருக்கும். அதில் எச்டி என்றிருந்தால் மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டது. எம்பி என்றிருந்தால் மீதைல் புரோமைடு வாயுவால் புகையூட்டப்பட்டது. அதை வீட்டுக்குள் கொண்டுவரவே கூடாது. எச்டி என்றாலும் அது அன்றைக்கு மரத்தில் இருந்த பூச்சியைத்தான் கொன்றது. அதன் பிறகு பேலட்டின் மேல் என்ன கொட்டியது, எந்தத் தரையில் கிடந்தது என்பது யாருக்கும் தெரியாது. பலகைகள் ஒரே கனத்தில் இருப்பதில்லை. முறுக்காணிகளைக் கழற்றும்போது பாதிப் பலகை பிளக்கும். மிஞ்சியதைச் சமப்படுத்த இழைப்புளியும் அதைப் பிடிக்கப் பழகிய கையும் வேண்டும். நீல வண்ணம் பூசிய பேலட்டுகள் பெரும்பாலும் வாடகை நிறுவனங்களின் சொத்து; ஓரமாகக் கிடக்கிறது என்று எடுத்துவர முடியாது.

பைன் சட்டமும் பிளைவுட் தட்டும்

எங்கள் தேர்வு இதுதான். காரணம் அழகு அல்ல. பிளைவுட் தட்டுகளை மட்டும் கடையிலேயே வெட்டி வாங்கிவிட்டால், மற்ற எல்லா வெட்டும் குறுக்கு வெட்டு, மிக நீளமான வெட்டே 64 மிமீ. கைரம்பமும் மூலைமட்டமும் போதும். துண்டுகள் 1800 மிமீக்கு மேல் இல்லாததால் மின்தூக்கியில் வரும். பாம் ஷெல்ட்டரின் இரும்புக் கதவு பல வீடுகளில் 700 மிமீ அகலம்தான், அதற்குள்ளும் போகும். போல்ட் கழற்றினால் தட்டையான துண்டுகளாகப் பிரிந்துவிடும், வீடு மாறும்போதும் கூடவே வரும்.

பைன் மென்மரம், நகம் பட்டாலே தடம் விழும். மெராந்தி என்ற வன்மரம் கிடைத்தால் அது இன்னும் உறுதி, ஆனால் எடை கூடும், விலையும் கூடும். இந்த அளவு அடுக்குக்கு அது அவசியமில்லை. தட்டுக்கு ரப்பர் மரத் துண்டுகளை ஒட்டிய பலகையும் விற்கிறார்கள். பார்க்க நன்றாயிருக்கும், ஆனால் சிங்கப்பூரின் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். உலர்த்தி விற்கப்படும் மரம் இங்கே வந்து 15, 16 விழுக்காடு ஈரம் வரை உறிஞ்சும், 360 மிமீ அகலப் பலகை அகலவாக்கில் 3 மிமீ வரை விரியலாம். இறுக்கமாகப் பொருத்தியிருந்தால் நடுவில் மேடாக எழும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியதால் பிளைவுட்டில் இந்த அசைவு மிகக் குறைவு. மரச்சில்லையும் மரநாரையும் பசையோடு அழுத்திச் செய்த சிப்போர்டும் எம்டிஎஃப்பும் ஒரு முறை தண்ணீர் குடித்தால் ஊதிவிடும், பழைய நிலைக்குத் திரும்பாது. பாம் ஷெல்ட்டரில் காற்றோட்டம் குறைவு, எனவே பிளைவுட் வாங்கும்போது பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைட் வாயுவுக்கான தரம் இ1 அல்லது இ0 தானா என்று கேட்டு வாங்குங்கள்.

இனி அளவுகள். முடிந்த அடுக்கு 900 மிமீ அகலம், 450 ஆழம், 1812 உயரம், நான்கு தட்டு.

44 × 44 மிமீ கால்: 1800 மிமீ நீளத்தில் 4.
19 × 64 மிமீ சட்டம்: 900 மிமீயில் 8 (முன்பின் சட்டங்கள்), 450 மிமீயில் 8 (பக்கக் குறுக்குகள்). வெட்டு விரயத்தோடு 12 மீட்டர்.
19 × 44 மிமீ பட்டை: 460 மிமீயில் 12, 100 மிமீயில் 4, மூலைவிட்டத்துக்கு 1800 மிமீயில் 1. மொத்தம் 9 மீட்டர்.
12 மிமீ பிளைவுட்: 360 × 900 மிமீயில் 4. ஒரு முழுத் தாளில் 6 தேறும். மேல் அடுக்கின் இழையோட்டம் 900 மிமீ பக்கமாக ஓட வேண்டும்.
எம்8 போல்ட் 80 மிமீ: 16, நட் 16, வாஷர் 32. ஸ்க்ரூ 4 × 40 மிமீ: 100 கொண்ட பெட்டி ஒன்று. ஈரம் தாங்கும் டி3 வகை மரப்பசை ஒரு சிறு போத்தல்.

கடையில் '2-க்கு 2', '1-க்கு 3' என்று கேட்டால் கிடைப்பது அந்த அங்குலக் கணக்கு அல்ல; இழைத்ததில் சில மில்லிமீட்டர் போயிருக்கும், கடைக்குக் கடை மாறும். அதனால் முதலில் மரத்தை வாங்கி அளந்துவிட்டு, பிறகு வெட்டுங்கள். சட்டத்தின் அகலம் 64 இல்லாமல் வேறாக இருந்தால், 524-இலிருந்து அந்த அகலத்தைக் கழித்தால் 460 மிமீ பட்டைக்குப் பதிலான அளவு வரும். 228-இலிருந்து அகலத்தின் இரு மடங்கைக் கழித்தால் 100 மிமீ அடிப் பட்டைக்குப் பதிலான அளவு. பிளைவுட்டின் அகலம் 450-இலிருந்து இரண்டு கால்களின் கனத்தையும் 2 மிமீயையும் கழித்தது. அக்கம்பக்கத்து ஹார்டுவேர் கடையில் வேண்டிய நீளம் இல்லையென்றால் ஜாலான் புசார் பக்கத்துக் கடைகளையோ சுங்கை காடுட் மர வியாபாரிகளையோ பாருங்கள். வாங்கும்போது சட்டத்தின் ஒரு முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து நீளவாக்கில் பார்க்க வேண்டும். லேசாக ஒரே பக்கம் வளைந்திருந்தால் பரவாயில்லை, வளைவை மேல்நோக்கி வைத்துக்கொள்ளலாம். முறுக்கியிருந்தால் வைத்துவிடுங்கள், கிளாம்ப் போட்டாலும் நேராகாது.

கட்டும் முறையின் சூட்சுமம் காலின் உட்புறம் ஒட்டும் பட்டையில் இருக்கிறது. காலைத் தரையில் படுக்கவைத்து, அடிமுனையோடு சேர்த்து 100 மிமீ பட்டையைப் பசை தடவி ஸ்க்ரூ போடுங்கள். அதன் மேல் முட்டுமாறு பக்கக் குறுக்கை வைத்து, இரு கால்களுக்கும் சேர்த்துப் பசையும் முனைக்கு இரண்டு ஸ்க்ரூவும். அதன் மேல் 460 மிமீ பட்டை, மீண்டும் குறுக்கு, மீண்டும் பட்டை. இப்படி நான்கு குறுக்கும் ஏறியதும் காலின் உச்சியில் 64 மிமீ மிஞ்சும். குறுக்கு ஒவ்வொன்றும் கீழுள்ள பட்டையின் மேல் உட்கார்ந்திருக்கிறது, பட்டை அதற்குக் கீழுள்ள குறுக்கின் மேல், கடைசியில் தரையின் மேல். ஸ்க்ரூவும் பசையும் விலகாமல் பிடிக்கின்றன, பளுவைச் சுமப்பது மரம். எல்லா 460 பட்டைகளும் ஒரே அளவாக இருந்தால் தட்டு தானாகவே மட்டமாக வரும். அதற்காக முதல் துண்டை வைத்தே மற்றப் பதினொன்றையும் குறியுங்கள். ஒன்றைப் பார்த்து ஒன்றாகத் தொடர்ந்து குறித்துப் போனால் பென்சில் கோட்டின் கனமே கூடிக்கூடிப் பிழையாகும்.

பைனில் முன்துளை போடாமல் ஸ்க்ரூ இறக்காதீர்கள், முனையில் நிச்சயம் பிளக்கும். 4 மிமீ ஸ்க்ரூவுக்கு 2.5 மிமீ துளை போதும். இரு கால்களும் குறுக்குகளும் சேர்ந்து இப்போது ஓர் ஏணிபோல் இருக்கும்; பசை காயும் முன் அந்த ஏணியின் இரு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2 மிமீக்கு மேல் இருந்தால் நீளமான மூலைவிட்டத்தைக் கிளாம்ப் போட்டு நெருக்குங்கள். இதே போல் இரண்டாவது ஏணி.

பிறகு இரு ஏணிகளையும் நிறுத்தி, 900 மிமீ சட்டங்களைக் கால்களின் உட்பக்கமாகக் குறுக்குகளின் மேல் நெட்டுக்குத்தாக வையுங்கள். கிளாம்ப் போட்டு, சட்டத்தையும் காலையும் சேர்த்து 9 மிமீ துளை. போல்ட்டின் தலை வெளிப்புறம், நட் உட்புறம், இருபுறமும் வாஷர், 13 மிமீ ஸ்பேனர். வாஷர் இல்லாமல் இறுக்கினால் போல்ட் தலை பைனுக்குள் புதைந்துவிடும், பிடிப்பு போய்விடும். ஒன்றை முன்கூட்டியே நினைவில் வையுங்கள்: போல்ட் துளை குறுக்கின் மேல்விளிம்பிலிருந்து 32 மிமீ உயரத்தில் காலைத் துளைக்கும். பட்டையின் கீழ் ஸ்க்ரூவை அதே இடத்தில் போட்டிருந்தால் டிரில் பிட் இரும்பில் மோதி முறியும். எனவே பட்டையின் ஸ்க்ரூக்கள் கீழ்முனையிலிருந்து 60 மிமீ தள்ளித் தொடங்கட்டும். ஒவ்வொரு சட்டத்திலும் மூலையிலும் ஒரே எண்ணைப் பென்சிலால் எழுதிவையுங்கள். கையால் போட்ட துளைகள் இடம் மாற்றினால் பொருந்தாது.

இந்த நிலையில் அடுக்கு பக்கவாட்டில் ஆடும். பயப்பட வேண்டாம், போல்ட்டை மேலும் இறுக்கியும் பயனில்லை. பின்பக்கக் கால்களின் வெளிமுகத்தில் 1800 மிமீ பட்டையை இடது அடியிலிருந்து வலது உச்சியை நோக்கி மூலைவிட்டமாக, போல்ட் தலைகளை ஒதுக்கி, முனைக்கு இரண்டு ஸ்க்ரூ போட்டால் ஆட்டம் நின்றுவிடும். அந்தப் பட்டை சுவரில் முட்டுவதால் பின்னால் காற்றுக்கு 19 மிமீ இடைவெளியும் கிடைக்கிறது. சுவரோடு ஒட்டிய மரத்தில்தான் பூஞ்சணம் முதலில் பிடிக்கும். கடைசியில் பிளைவுட் தட்டுகளைச் சட்டங்களின் மேல் வையுங்கள். முன்கால்களுக்கும் பின்கால்களுக்கும் நடுவே உட்காருவதால் மூலையில் வெட்டு எதுவும் வேண்டாம்.

தினமும் தரை துடைக்கும் வீடு என்றால் காலின் அடிதான் முதலில் கெடும். வெட்டிய முனை தண்ணீரை உறிஞ்சிபோல் மேலே இழுக்கும். நிறுத்துவதற்கு முன்பே அடிமுனைகளுக்கு வார்னிஷ் மூன்று முறை பூசி, ரப்பர் அட்டை ஒட்டுங்கள். மற்ற இடங்களுக்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பாலியூரிதேன் வார்னிஷ் இரண்டு பூச்சு, நடுவில் 180 எண் உப்புத்தாள். பூசுவதைக் கூடத்தில் சன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள், பாம் ஷெல்ட்டருக்குள் வேண்டாம்.

இரும்பு ரேக் வாங்கினால் என்ன?

நேர்மையாகச் சொன்னால் சில இடங்களுக்கு அதுவே சரி. துணி துவைக்கும் இடம், தண்ணீர் தெறிக்கும் மூலை, ஒரு தட்டில் 100 கிலோவுக்கு மேல் ஏற்ற வேண்டிய நிலை, இன்று மாலைக்குள் முடிய வேண்டிய அவசரம் இவற்றுக்கெல்லாம் போல்ட் இல்லாத இரும்பு ரேக்கே மேல். அதில் வரும் தட்டு எம்டிஎஃப்பா பிளைவுட்டா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அளவு ஒத்துவராத அறைக்கு மரம்தான். 870 மிமீ அகலச் சந்தில் 900 மிமீ ரேக் நுழையாது. சட்டத்தையும் தட்டையும் 40 மிமீ குறைத்து வெட்டினால் மர அடுக்கு நுழையும்.

சுவரும் விதிகளும்

1800 மிமீ உயரமும் 450 மிமீ ஆழமும் என்றால் உயரம் ஆழத்தைப்போல் நான்கு மடங்கு. குழந்தை ஏறினால் கவிழும். சாதாரண ஸ்டோர் ரூமில் மேல் சட்டத்தை எல் வடிவத் தகட்டால் சுவரோடு பிணைத்துவிடுங்கள். மெல்லிய தடுப்புச் சுவர் என்றால் அதற்குரிய பிளக் வேண்டும். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளையிடாதீர்கள், மின்கம்பி ஓடும்.

பாம் ஷெல்ட்டர் வேறு கதை. 1997-இன் குடிமைத் தற்காப்புப் புகலிடச் சட்டத்தின் கீழ் வரும் அறை அது. சுவரை உடைக்கக் கூடாது, கதவை மாற்றக் கூடாது, காற்றுத் துவாரங்களை அடைக்கக் கூடாது. துளையிடுவதிலும் ஆழத்துக்கும் அகலத்துக்கும் குடிமைத் தற்காப்புப் படை வரம்பு வைத்திருக்கிறது, பிளக் உலோகமாக இருக்கக் கூடாது. வரம்பைப் படையின் இணையப் பக்கத்தில் படித்துவிட்டு டிரிலை எடுங்கள். துளையே வேண்டாம் என்பவர்கள் அரிசியையும் தண்ணீர்ப் பெட்டிகளையும் கீழ்த்தட்டில் வைத்து, மேல்தட்டில் பயணப்பெட்டி போன்ற இலேசானவற்றை வைக்கலாம். கதவைப் பூட்டிவைத்தால் பிள்ளைகளும் ஏற மாட்டார்கள். காலணி வைக்க இதே அடுக்கைக் குட்டையாகச் செய்து வாசலில் போட நினைத்தால், பொது நடைபாதையில் 1.2 மீட்டர் வழி தடையின்றி இருக்க வேண்டும்.

புதுப்பிப்பு வேலைகளுக்கு வீவக வைத்துள்ள நேரம் திங்கள் முதல் சனிவரை காலை 9 முதல் மாலை 6. ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. கைரம்பச் சத்தமும் டிரில் சத்தமும் கீழ்வீட்டுக்கு நன்றாகவே கேட்கும் என்பதால் அதே நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டால் தரைவழி போகும் அதிர்வு பெரிதும் குறையும்.

கட்டி ஒரு மாதம் ஆனதும் 16 நட்டையும் ஸ்பேனரால் ஒரு முறை சோதியுங்கள். புது மரம் அறையின் ஈரத்துக்கு ஏற்பப் பருத்து, வாஷரின் அடியில் நசுங்கியிருக்கும். சில நட்டுகள் கால் சுற்று, அரைச் சுற்று உள்ளே போகும். குளிரூட்டி ஓடும் அறைக்கு அடுக்கை மாற்றினால் மரம் மறுபடி சுருங்கும், அப்போதும் இதே சோதனை.